காருக்கும் ஸ்கூட்டருக்கும் ஒரே சார்ஜர் போதுமா?

கேள்வி: எங்கள் காரில் 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியும் ஸ்கூட்டரில் 5 ஏஹெச் பேட்டரியும் உள்ளன. இரண்டு வண்டிகளையும் அதிகம் எடுப்பதில்லை; பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது. வீட்டிலேயே சார்ஜ் செய்ய, விலை மலிவான 6 ஆம்பியர் சார்ஜர் ஒன்றைக் கடைக்காரர் காட்டி, இரண்டுக்கும் இதுவே போதும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அது எப்போதும் ஒரே அளவில் மின்சாரம் செலுத்தும் சார்ஜர் என்றால் வாங்காதீர்கள். கார், ஸ்கூட்டர்களில் வழக்கமாக இருக்கும் ஈய-அமில பேட்டரிக்கு அதன் ஏஹெச் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் பாதுகாப்பானது. அந்தக் கணக்கில் உங்கள் காருக்கு 3.5 ஆம்பியரும் ஸ்கூட்டருக்கு 0.5 ஆம்பியரும் போதும். கார் பேட்டரி 6 ஆம்பியரைத் தாங்கிவிடும். ஆனால் ஸ்கூட்டர் பேட்டரி சூடேறி, உப்பி, உள்ளிருக்கும் நீரை இழந்துவிடும். அது பெரும்பாலும் மூடிய வகை என்பதால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிச் சரிசெய்யவும் வழியில்லை.

ஆம்பியரைவிட நான் முக்கியமாகக் கருதுவது வோல்ட் கட்டுப்பாட்டை. 12 வோல்ட் பேட்டரியில் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட்டைத் தாண்டும்போது, செலுத்தும் மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்குகிறது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு சிறு தீப்பொறி அதைப் பற்றவைத்துவிடும். ஆகவே ஆம்பியரை மாற்றிக்கொள்ளும் வசதியும், பேட்டரி நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் அமைப்பும் உள்ள சார்ஜருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவே அல்ல.

சார்ஜ் செய்யும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். பூட்டிய அறை, சமையலறை, விளக்கோ ஊதுவத்தியோ எரியும் இடம் எதுவும் கூடாது. சார்ஜரின் சுவிட்சை அணைத்த நிலையிலேயே சிவப்பு கிளிப்பை பாசிட்டிவ் முனையில் மாட்டி, கறுப்பு கிளிப்பை வண்டியின் இரும்புப் பகுதியில், பேட்டரிக்குச் சற்றுத் தள்ளி மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போதும் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் பிறகே கறுப்பு, சிவப்பு என்ற வரிசையில் கழற்ற வேண்டும். கிளிப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் பொறி பறப்பது விபத்துக்கு இடம்கொடுக்கும் என்பதால் இந்த வரிசையில் அலட்சியம் வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, பேட்டரி தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ, பேட்டரியைத் தொடாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முழுதும் இறங்கிய கார் பேட்டரி 3.5 ஆம்பியரில் நிறைய பத்து, பன்னிரண்டு மணி நேரமாகும். பகலில், ஆள் விழித்திருக்கும்போதே போடுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து, வோல்ட்டை அளக்கும் கருவியான மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டோ சற்று மேலோ இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. மறுநாளே 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால், எந்தச் சார்ஜர் வாங்கினாலும் பயனில்லை. பழையதைக் கடையில் கொடுத்து அதன் ஈய மதிப்பைப் புதிய பேட்டரியின் விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.