விவசாய விரிவாக்கப் பணியின் வரலாற்றைப் பல்கலைக்கழக ஆவணங்களில் தேடுவது எப்படி? அதில் தோட்டத் தமிழர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், ஆனால் ‘விரிவாக்கம்’ (விவசாயிகளுக்குப் புதிய முறைகளைச் சொல்லிக் கொடுக்கும் பணி) என்று எழுதி வைத்த கட்டுகளில் தேடினால் அநேகமாகக் கிடைக்கமாட்டார்கள். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன், பால்மர (ரப்பர்) தோட்டத்துக் குடும்பம். எங்கள் ஆட்களைத் தேடித்தான் இந்தப் பழைய தாள்களுக்குள் போனேன்.

மலேசியாவில் முதலில் போக வேண்டிய இடம் செர்டாங் ஊரிலுள்ள பல்கலைக்கழகம். 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது, 1947இல் கல்லூரியானது, 1971இல் விவசாயப் பல்கலைக்கழகம். இப்போது பெயர் புத்ரா பல்கலைக்கழகம். அங்கே விவசாய இலாகாவின் பழைய சஞ்சிகைகளையும் ஆண்டறிக்கைகளையும் கேளுங்கள். மாணவர் ஆய்வேடுகளில் பல இணையத்திலேயே இருக்கின்றன. மலாய்ச் சொற்களிலும் தேடுங்கள், 1970களுக்குப் பிறகு வந்தவற்றில் பலவற்றுக்கு அதுதான் வழி.

படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள்? விரிவாக்க அதிகாரி கம்பத்துக்கு (மலாய்க் கிராமத்துக்கு) போய் நெல் விவசாயியிடமும் சிறுதோட்டக்காரரிடமும் பேசினார். தோட்டத்துக்கு வழி வேறு. 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், நம்மவர்கள் சொல்லும் ஆர்ஆர்ஐ, துரைக்கு (தோட்ட மேலாளருக்கு) எழுதும். துரை கிராணியிடம் (எழுத்தரிடம்) சொல்வார், கிராணி மண்டோரிடம் (மேஸ்திரியிடம்) சொல்வார், மண்டோர் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், சத்தம் போடுவார். உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது, பட்டையை எவ்வளவு சீவுவது, எல்லாம் உத்தரவாகத்தான் வந்தன. அதனால் எங்கள் பாட்டிமார் அந்தத் தாள்களில் விவசாயியாக வருவதில்லை, கூலிக் கணக்கில் வருகிறார்கள். தோட்டத் தமிழரைத் தேடுகிறவர் தொழிலாளர் இலாகா அறிக்கைகளையும் ஆர்ஆர்ஐ துரைமாருக்கு அனுப்பிய வெளியீடுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விரிவாக்கக் கட்டுகளைத் திறக்க வேண்டும்.

அப்புறம், அதில் எழுதியிருக்கும் ஆலோசனையெல்லாம் சரியானது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் களை. ஒரு காலத்தில் ரப்பர்க் காட்டில் புல் பூண்டே இருக்கக்கூடாது என்பதுதான் நல்ல தோட்டத்துக்கு இலக்கணம். வெளிக்காட்டு வேலைக்குப் போன பெண்கள் குனிந்து குனிந்து அதைச் சுரண்டி எடுத்தார்கள். மழையில் மேல்மண் அடித்துக்கொண்டு போன பிறகுதான் மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிர்க் கொடிகளைப் போடச் சொன்னார்கள். இதற்கு நடுவே, சிறுதோட்டக்காரன் நெருக்கி நடுகிறான், களை எடுப்பதில்லை, பட்டையைக் கெடுக்கிறான் என்ற புகார் அறிக்கைக்கு அறிக்கை வருகிறது. 1946இல் சிறுதோட்டங்களைச் சுற்றிப் பார்த்த பொருளாதார அறிஞர் பீட்டர் பௌவர், அவர்களைப் பற்றிய அதிகாரிகளின் கணிப்பையே கேள்வி கேட்டார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள், சுவாரசியமாக இருக்கும்.

1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டார்கள். உடனே, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது. அதற்குப் பிந்திய கோப்புகளில் விவசாயத்தைவிடப் பாதுகாப்பும் மறுகுடியேற்றமும்தான் பெரிய பேச்சு.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தவறவிடக்கூடாதது, 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை (பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதை) பற்றிப் பொருளாதார அறிஞர் உங்கு அசீஸ் தலைமையில் செய்த ஆய்வு. அந்தத் துண்டாடலின் பின்னணியில்தான் எங்கள் ஊர்க்காரர், அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்களே பங்குதாரர் ஆனது அங்கேதான். நான் ஆய்வு மாணவனாக இருந்தால் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

வெளிநாட்டு மாதிரி ஒன்று வேண்டுமென்றால் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் விரிவாக்கப் பணியைப் பல்கலைக்கழகங்களோடு சேர்த்துக் கட்டியது. மாவட்ட முகவர்கள் ஆண்டுதோறும் எங்கே போனோம், யாரைப் பார்த்தோம் என்று எழுதி அனுப்பினார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் அந்தக் காலப் படங்களையும் தாள்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. அச்சடித்த ஆண்டறிக்கையைவிட இப்படிப்பட்ட களக் குறிப்புகளில்தான் மனிதர்கள் தெரிவார்கள்.

நாளிதழ்களுக்கு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் தேடலாம், பழைய தமிழ் முரசும் அங்கே இருக்கிறது.

கிளம்பும் முன் வீட்டில் பெரியவர்களிடம் தோட்டத்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயரைத்தான் சொல்வார்கள், கோப்பில் இருப்பதோ கம்பெனிப் பெயர். பழைய சம்பளச் சீட்டோ, பிறப்புப் பத்திரமோ வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கம்பெனிப் பெயர் அதில் இருக்கும்.