ஈவில் டெட்: பழசா, புதுசா?

கேள்வி: 'ஈவில் டெட்' பேய்ப்படத்துக்கு 2013 ஏப்ரலில் ரீமேக்கே வந்துவிட்டதே, 1981-இல் வந்த பழைய படத்தை இப்போது பார்த்தால் பயம் வருமா, சிரிப்பு வருமா?

பதில்: இரண்டும் வரும். கடைசியில் பேய் பிடித்தவர்கள் அழுகிக் கரையும்போது களிமண் பொம்மை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும், தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் காட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு நண்பர்கள் தங்கியிருக்கும் வீட்டைப் பார்த்து வருமே, அது இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். கேமராவைக் குலுங்காமல் நகர்த்தும் ஸ்டெடிகேமுக்கெல்லாம் படம் எடுத்தவர்களிடம் காசு இல்லை. ஒரு நீளப் பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள், அவ்வளவுதான். பலகையின் நீளத்தில் பாதிக் குலுக்கல் அடங்கிவிடும், மீதி திரையில் அப்படியே இருக்கும், பயமுறுத்துவது அந்த மீதிதான். காட்டில் இருப்பதற்குக் கடைசிவரை உருவமே கிடையாது, பார்வை மட்டும். பணம் இருந்திருந்தால் ஒரு உருவம் செய்து காட்டிக் கெடுத்திருப்பார்கள்.

கேள்வி: கையில் காசே இல்லாமல் எப்படித்தான் எடுத்து முடித்தார்கள்?

பதில்: படப்பிடிப்பு தொடங்கிய 1979-இல் இயக்குநர் சாம் ரெய்மிக்கு வயது 20. முதலில் ஒரு குறும்படம் எடுத்து, அதைப் போட்டுக் காட்டித்தான் முதலீடு திரட்டினார். டென்னசியில் ஆள் இல்லாமல் கிடந்த ஒரு மரவீடு கிடைத்தது. ரத்தத்துக்குச் சோளப் பாகு. வேலை இழுத்துக்கொண்டே போக, நடிகர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள், மீதிக் காட்சிகளில் வேறு ஆட்கள் முகம் காட்டாமல் அவர்களுக்காக நின்றார்கள். பேய்களுக்கு வைத்த வெள்ளை லென்ஸைப் போட்டால் கண்ணே தெரியாது, அதோடுதான் அத்தனை சண்டையும்!

கேள்வி: ரீமேக்கை நம்பிப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம் என்றுதான் தோன்றுகிறது. பழைய படத்தின் இயக்குநர் ரெய்மி, தயாரிப்பாளர் ராப் டாப்பர்ட், கதாநாயகன் ப்ரூஸ் காம்ப்பெல் என்று அதே மூவரும்தான் தயாரிப்பாளர்கள், இயக்கம் உருகுவேக்காரர் ஃபெடே அல்வாரெஸ். போதைப் பழக்கத்தை விடுவதற்காக ஒரு பெண்ணை நண்பர்கள் அந்தக் காட்டு வீட்டுக்கு அழைத்துப் போகிறார்களாம். அவள் அலறினால் போதை கிடைக்காத தவிப்பு என்றுதானே நினைப்பார்கள்? 'பேய் இருக்கிறதே, ஏன் ஓட மாட்டேன் என்கிறார்கள்' என்று நாம் எரிச்சல்படுவதற்கு இங்கே நல்ல பதில் இருக்கிறது. ட்ரெய்லரில் ரத்தம் ஆறாக ஓடுகிறது, அதுதான் கொஞ்சம் உதைக்கிறது. எதற்கும் பழசை முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மரக்கிளைகள் ஒரு பெண்ணைச் சீரழிக்கும் காட்சி ஒன்று இருக்கிறது, பெரியவர்களே தாண்டிப் போகலாம், கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.