கிராமத்தில் அனைவருக்கும் சிகிச்சை அளித்தால் எச்.ஐ.வி. பரவல் குறையுமா?

குறையும், மருந்தால் உடலில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. 2013-இல் உகாண்டா, கென்யா நாடுகளின் 32 கிராமப்புறச் சமூகங்களில் தொடங்கிய 'சர்ச்' ஆய்வு, எச்.ஐ.வி. பரிசோதனையைத் தனியே நடத்தாமல், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளோடு ஊர் முகாம்களில் சேர்த்தே வழங்கியதால், அவப்பெயருக்கு அஞ்சி ஒதுங்குவோரும் தயக்கமின்றி வர வழி பிறந்தது. அந்த ஆய்வில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். தொற்றுள்ள அனைவருக்கும் உடனே சிகிச்சை தொடங்கிய பிரிவில், மூன்று ஆண்டுகளில் புதிய தொற்று விகிதம் 32 சதவீதம் குறைந்தது. ஆயினும் ஒப்பீட்டுப் பிரிவிலிருந்து அது பெரிதும் வேறுபடவில்லை. காரணம், தொடக்கப் பரிசோதனை அங்கும் நடந்தது, இடையில் அரசுகளும் அனைவருக்கும் சிகிச்சை என்ற கொள்கைக்கு மாறின. மருந்தை மறுத்து ஒப்பிடுவதைவிட இதுவே நேர்மையானது. அப்படியிருந்தும் தொற்றுள்ளோரில் வைரஸ் கட்டுக்குள் வந்தவர்கள் ஒப்பீட்டுப் பிரிவில் 68 சதவீதமும், சிகிச்சைப் பிரிவில் 79 சதவீதமும் இருந்தனர்.