நாய்த் தோட்டத்துக்குப் போவது – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

பொங்கலுக்கு மாமியார் ஊரான அம்பாசமுத்திரம் வருகிறோம். அந்தப் பக்கம் கைவிடப்பட்ட நாய்களைத் தோட்டத்தில் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்களாம். 8 வயது மகனைக் கூட்டிப்போக ஆசை. எங்கள் 2 மாத நாய்க்குட்டியையும் தூக்கிக்கொண்டு போகலாமா? பிஸ்கட் வாங்கினால் போதுமா?

க., தாம்பரம்

அன்புள்ள க.,

குட்டி மாமியார் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கட்டும். குட்டிகளை ரத்தபேதியில் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலுக்கெல்லாம் அசையாது, பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் அதைக் கொல்லும். தடுப்பூசி வரிசை முடியாத குட்டி அந்த மண்ணை மிதிக்கவே கூடாது. அது போகாவிட்டாலும் உங்கள் செருப்பு போய்வருகிறதே! திரும்பியதும் செருப்பை வெளியே விட்டு, கால் கழுவி, துணி மாற்றிய பிறகு குட்டியைத் தூக்குங்கள்.

பிஸ்கட் கதை என்னுடையது. பல வருஷம் முன்பு இப்படி ஒரு தோட்டத்தில் பாக்கெட்டைப் பிரித்தேன். அந்தச் சரசரப்புக்கு முப்பது நாய் வந்துவிட்டது. மூன்று கால் நாய் ஒன்று அடியில் மாட்டிக்கொண்டு கத்தியது. சோறு பொங்கிக்கொண்டிருந்த அக்கா அகப்பையோடு ஓடிவந்து, எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, "ஒரு பாக்கெட்ட வச்சிக்கிட்டு இத்தன பேருக்கு எப்படி சார் பந்தி வைப்பிய?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

குருணை அரிசி ஒரு மூட்டை வாங்கிப் போங்கள். தை மாசப் பனிக்குப் பழைய போர்வையும் கோணிச் சாக்கும் உதவும். பணமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, மருந்துக்கடை பாக்கி எப்போதும் இருக்கும். பொங்கல் மிச்சம் என்று வெங்காயம் போட்ட குழம்பையும் வடையையும் கொண்டுபோக வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

மகனிடம் ஒன்றை முன்பே சொல்லிவையுங்கள். மார்கழி நாய்கள் இணைசேரும் மாதம், சண்டை போடும் மாதமும்கூட. தையில் போனால் காது கிழிந்ததும் புண்ணில் புழு வைத்ததுமாகத்தான் பார்ப்பான். குட்டிகளைப் பார்க்க வேண்டுமென்றால் மாசி, பங்குனியில் வரவேண்டும். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள்.

ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காமல் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள், வருவது தானாக வந்து மோந்து பார்க்கும். வெள்ளை ராஜபாளையம் ஏதும் நின்றால் பின்னாலிருந்து தொடக்கூடாது. அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு, திடுக்கிட்டுத் திரும்பும். பல்லோ நகமோ லேசாகக் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி போட்டுவிட வேண்டும். பாட்டி மஞ்சளும் சுண்ணாம்புமாக வந்தால் மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

உச்சிவெயிலில் போனால் எல்லாம் நிழல் பார்த்துச் சுருண்டு கிடக்கும். நாலு மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் போன் போட்டுக் கேளுங்கள். "இன்னைக்கு வேண்டாம்" என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளே ஏதோ ஒன்று டிரிப்ஸில் கிடக்கும்.