ஓட்டிவிட்ட காட்சிகள்

அன்புள்ள சார்,

‘ஸ்மாஷ்’ தொடரைப் போன மாதம்தான் பார்த்து முடித்தேன். மர்லின் மன்றோவைப் பற்றி நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் ஒரு மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம், போடக் கிளம்புகிறவர்களின் கதை, 2012இல் அமெரிக்காவில் என்பிசி சேனலில் வந்தது. முதல் எபிசோட் பிரமாதம், அதற்கப்புறம் எங்கெங்கோ போய்விட்டது. பாட்டுகளுக்காகத்தான் கடைசி வரை பார்த்தேன். நடுவில் வரும் மீட்டிங், ஒத்திகை, உட்கார்ந்து பாட்டைத் திருத்துவது மாதிரியான காட்சிகளையெல்லாம் ஓட்டிவிட்டேன், ரொம்ப இழுவை. என் கேள்விகள்: மர்லின் வேஷத்துக்கு உண்மையில் தகுதி யாருக்கு, ஐவிக்கா கேரனுக்கா? இத்தனை நல்ல ஆட்கள் சேர்ந்தும் தொடர் ஏன் இரண்டே சீசனில் படுத்துவிட்டது? அந்த பாலிவுட் பாட்டை உங்களால் பார்க்க முடிந்ததா? தமிழில் இந்த மாதிரி எப்போது வரும்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

ஐவி. அந்த வேடத்தில் வரும் மேகன் ஹில்டி வாயைத் திறந்ததுமே அந்த வழக்கு முடிந்துவிட்டது. தொடர்தான் முதல் சீசன் பூராவும் அதை ஒத்துக்கொள்ளாமல் அடம்பிடித்துவிட்டு, கடைசியில் பிராட்வேயின் பெரிய விருதான டோனியை ஐவி கையில் கொடுத்தது. பாலிவுட் பாட்டை என்னாலும் பார்க்க முடியவில்லை. ஆனால் அதில் கேரனின் காதலன் தேவாக வரும் ராஸா ஜாஃப்ரிதான் 2002இல் லண்டனில் ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ மேடையேறியபோது அதன் நாயகன். மேடையில் பாடி ஆடிய ஒருவரைக் கூட்டிவந்து கோட் சூட் மாட்டி சோபாவில் உட்காரவைத்திருந்தார்களே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. தமிழில் எப்போது வரும் என்று எதைப் பார்த்தாலும் கேட்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

‘ஓட்டிவிட்டேன்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இரண்டு நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகிற கூட்டம் உண்டல்லவா, அதில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள். அந்தத் தொடரில் பார்க்கத் தகுந்ததாக இருந்ததே அதுதான் சார். தயாரிப்பாளர் ஐலீன் முன்னாள் கணவனின் முகத்தில் மதுவை வீசுவதையும், பாட்டெழுதும் ஜூலியாவின் கள்ள உறவையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். இசையமைக்கிற டாமும் ஜூலியாவும் பியானோ பக்கத்தில் ஒரு வரிக்காக மல்லுக்கட்டுகிற இடம் வந்ததும் ரிமோட்டைத் தேடியிருக்கிறீர்கள்.

முதல் சீசன் முடிவில் எல்லோரும் பாஸ்டனுக்குப் போகிறார்கள். நியூயார்க்கில் திறப்பதற்கு முன்னால் வெளியூரில் போட்டுப் பார்ப்பது அவர்களுடைய பழைய வழக்கம். நியூ ஹேவன், பாஸ்டன், வாஷிங்டன் என்று ஊர் ஊராகப் போய் அடி வாங்கிக்கொண்டு, ராத்திரி ஹோட்டல் அறையில் உட்கார்ந்து மாற்றி எழுதுவார்கள். தொடரில் அப்படி ஒரு முதல் காட்சி நடக்கிறது. மர்லின் சாவதோடு நாடகம் முடிகிறது. கைதட்டல் இல்லை. அரங்கம் முழுக்க மனிதர்கள், சத்தமே இல்லை. எழுதியவர்கள் பின்னால் நின்று அந்த அமைதியைக் கேட்கிறார்கள். அப்புறம் புது முடிவு வேண்டும், புதுப் பாட்டு வேண்டும், நேரம் இல்லை. அந்த அமைதியை நீங்கள் ஓட்டிவிட்டீர்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, உங்களை மட்டும் சொல்லி என்ன, எடுத்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. அதே பாஸ்டனில்தான் எல்லிஸ் என்கிற உதவியாளன், வேர்க்கடலை ஒவ்வாத நட்சத்திர நடிகையின் பானத்தில் அதைக் கலந்துவிடுகிறான். ஒரு பாட்டு சரியாக வரவில்லை என்பது போதுமான ஆபத்தாக அவர்களுக்குப் படவில்லை, விஷம் வைத்தால்தான் ஜனம் பார்க்கும் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். தொடரை உருவாக்கிய தெரசா ரெபெக் நாடக ஆசிரியர், ஒத்திகை அறையை உள்ளிருந்து தெரிந்தவர். முதல் சீசனோடு அவர் வெளியே. பிறகு பொறுப்பேற்ற ஜாஷுவா சஃப்ரன், பணக்காரப் பிள்ளைகளின் வம்புக் கதையான ‘காசிப் கேர்ள்’ தொடரிலிருந்து வந்தவர். மொத்தம் 32 எபிசோட், 2013 மே மாதம் கதை முடிந்தது. ஏன் படுத்தது என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பதிலா என்றால் முழுக்க இல்லை, ஆனால் எனக்கு இது போதும். 2025இல் இந்தத் தொடரையே ஒரு மியூசிக்கலாக்கி பிராட்வேயில் இம்பீரியல் தியேட்டரில் போட்டார்கள், ஏப்ரலில் திறந்து ஜூனில் மூடிவிட்டார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

விஷமே இருக்கக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1962இல் ‘எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் த வே டு த ஃபோரம்’ என்ற ரோமானியக் கூத்தை வெளியூரில் போட்டுப் பார்க்கிறார்கள், வாஷிங்டனில் படுதோல்வி. விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய நாடகத்தில் யாரும் சிரிக்கவில்லை. எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க இயக்குநரும் நடன அமைப்பாளருமான ஜெரோம் ராபின்ஸை வரவழைக்கிறார்கள். யார் அவர்? 1953இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, இன்னின்னார் கம்யூனிஸ்ட் என்று சக கலைஞர்களின் பெயர்களைச் சொன்னவர். நாடகத்தின் நாயகன் சீரோ மோஸ்டெல் அதே வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்ந்து வருஷக்கணக்கில் வேலை இல்லாமல் கிடந்தவர். இன்னொரு நடிகர் ஜாக் கில்ஃபர்டின் மனைவி பெயரே ராபின்ஸ் சொன்ன பெயர்களில் ஒன்று. அந்த மனிதர் இந்த ஒத்திகைக்குள் நடந்து வருகிறார், கார்த்திக். வேர்க்கடலையெல்லாம் எந்த மூலைக்கு?

மோஸ்டெல் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. ராபின்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னது, முதல் பாட்டு தப்பு என்று. காதலைப் பற்றிய மென்மையான பாட்டு அது, ஆகவே ஜனம் ஏதோ இதமான காதல் கதை என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள், அதற்கப்புறம் வந்த அடிதடி எதற்கும் சிரிப்பு வரவில்லை. இன்று ராத்திரி கூத்துதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்கிறார். நாடகத்துக்குப் பாட்டும் இசையும் எழுதிய சோண்ட்ஹைம் புதுப் பாட்டு எழுதுகிறார், ‘காமெடி டுநைட்’. ராபின்ஸ் அதை மேடையில் அமைத்துக் கொடுக்கிறார். உள்ளே வேறு ஒன்றும் பெரிதாக மாறவில்லை, ஆனால் இப்போது எல்லாவற்றுக்கும் சிரிக்கிறார்கள். நியூயார்க்கில் 964 காட்சி ஓடியது. இந்த ஒரு வாரத்தை மட்டும் யாராவது தொடராக எடுத்தால் நான் சோறு தண்ணி இல்லாமல் பார்ப்பேன். அந்த அறையில் பழைய பகை அத்தனையும் இருந்திருக்கும், ஆனாலும் எல்லோரும் ஒரு பாட்டு ஏன் விழுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள் பாருங்கள்.

எனக்கும் ஒரு சின்ன பாஸ்டன் உண்டு. இருபத்தாறு வயதில் ஒரு நாடகக் குழுவுக்கு எழுதினேன். அப்பாவின் காரியத்துக்குக் கூடும் மூன்று அண்ணன் தம்பிகளின் கதை. பள்ளி விட்ட பிறகு ஒரு வகுப்பறையில், பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை. டீக்கடைப் பையன் கிளாஸ்களைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கிப்போக வருகிற சாக்கில் தினமும் வாசலில் நின்று வாய் பிளந்து பார்ப்பான். மூத்தவர் அப்பாவைப் பற்றிப் பேசுகிற பேச்சு ஒன்று வைத்திருந்தேன், பதினொரு பக்கம், நான் உருகி உருகி எழுதியது. அது தொடங்கியதும் அந்தப் பையன் குனிந்து கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டான். இயக்குநர் நடிகரைப் பார்க்கவே இல்லை, பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பதினொரு பக்கமும் போயிற்று. அதற்குப் பதிலாக மூத்தவர் வாசலில் கிடக்கும் அப்பாவின் செருப்பை எடுத்து உள்ளே வைப்பார், அவ்வளவுதான். நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே மனுஷர் அந்தத் தாள்களை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அண்டைக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தப் பதினொரு பக்கத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை, அதற்கப்புறம் மேசை ஆடவில்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

ஆகவே தயவுசெய்து பாஸ்டன் எபிசோடுகளை மட்டும் மறுபடி பாருங்கள். ரிமோட்டை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு உட்காருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், ஐவியா கேரனா என்று மட்டும் இன்னொரு தடவை கேட்காதீர்கள்.