வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால், நோய் இல்லாத நானும் 6 மாதம் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டுமா? நண்பர்களிடம் இதைச் சொல்லலாமா?

உங்கள் தந்தைக்கு நுரையீரல் காசநோய் உறுதியாகி, அதே வீட்டில் வசிப்பதால் உங்களுக்கும் ஐசோநியாசிட் என்ற தடுப்பு மாத்திரையை 6 மாதம் தினமும் சாப்பிடச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருமலோ காய்ச்சலோ இல்லாத உங்களுக்கு இது தேவைதானா, வேலைக்கும் நண்பர்களுக்கும் நடுவில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது, அவர்களிடம் சொல்வதா மறைப்பதா என்பவை உங்கள் கேள்விகள். என் அண்ணனுக்கு இதே நோய் வந்தபோது இந்த மாத்திரையை முழுக் காலமும் சாப்பிட்டு முடித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்பைப் பொறுத்த முடிவுகளை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவைதான் என்பது என் உறுதியான கருத்து. காசநோய்க் கிருமி உடம்புக்குள் நுழைவதும் அது நோயாக மாறுவதும் இரண்டு வேறு நிலைகள். கிருமி நுழைந்தவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் என்றாவது நோய் வருகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிடுகிறது. நோயாளியோடு ஒரே அறையில் படுத்து எழுந்த நீங்கள் இப்போது அந்த இரண்டு ஆண்டுகளின் தொடக்கத்தில் இருக்கிறீர்கள். நம் நாட்டில் முன்பு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கும் மட்டுமே கொடுக்கப்பட்டு வந்த இந்த மருந்து, 2021ஆம் ஆண்டு வெளியான தேசிய வழிகாட்டுதலுக்குப் பிறகு நுரையீரல் காசநோயாளியின் வீட்டில் வசிக்கும் எல்லா வயதினருக்கும் விரிவாக்கப்பட்டது. வாரம் ஒரு முறை வீதம் 12 வாரங்கள் இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடும் முறையும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும், உங்கள் ஊரில் எது கிடைக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் தொடங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே நோய் இல்லை என்பதை மார்பு எக்ஸ்ரே எடுத்தும், இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகியவற்றைக் கேட்டறிந்தும், தேவைப்பட்டால் சளிப் பரிசோதனை செய்தும் பார்த்த பிறகே இந்த மாத்திரை தொடங்கப்பட வேண்டும். நோய் உள்ளவருக்கு இந்த ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்தால், கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

தந்தையை வேறு இடத்தில் தங்க வைக்கலாமா என்று உறவினர்கள் யாராவது கேட்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம் சென்னையில் விடை கிடைத்துவிட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் மையம் 1956இல் தொடங்கப்பட்டபோது, 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் ஓராண்டு சிகிச்சை அளித்து ஒப்பிட்டார்கள். 1959இல் வெளியான அந்த ஆய்வின்படி, நெரிசலான வீடுகளில் எளிய உணவை உண்டு வாழ்ந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் ஏற்படவில்லை என்பதும் தொடர் கண்காணிப்பில் தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோயாளிகள் சொந்த வீட்டில் இருந்து மருந்து சாப்பிட முடிகிறது என்றால், அதற்கு இந்த ஆய்வு முக்கியமான காரணம். இதைச் சொன்ன பிறகுதான் என் பெரியம்மா அண்ணனுக்குத் தனித் தட்டு வைக்கும் பேச்சை நிறுத்தினார்.

இனி அன்றாடம். மாத்திரையை வெறும் வயிற்றில், அதாவது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ சாப்பிட்டால் நன்றாக உட்கிரகிக்கப்படும். நான் காலையில் பல் துலக்கியவுடன் சாப்பிட்டுவிட்டு, குளித்துக் கிளம்பும் நேரத்தில் சிற்றுண்டி சாப்பிடுவேன். கை கால் மரத்துப் போகாமல் இருக்க வைட்டமின் பி6 மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சத்து மாத்திரைதானே என்று அதை விட்டுவிடாதீர்கள். நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிக்கும் பழக்கம் இருந்தால் இரண்டுக்கும் இடையில் நேரம் விடுங்கள். வலிப்பு மருந்து உட்பட வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும், நாட்டு மருந்தே ஆனாலும், முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது. வெளியூர் போவதாக இருந்தால், திரும்புவது தாமதமாகலாம் என்பதையும் கணக்கில் கொண்டு சில மாத்திரைகளைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. தலைவலிக்காரருக்கு வலியே மாத்திரையை நினைவூட்டும். நமக்கு நினைவூட்ட உடம்பில் எதுவும் இல்லை. முதல் மாதம் பயத்தில் ஓடிவிடும். மூன்றாம் மாதத்துக்குள் அண்ணனுடைய இருமல் நின்று, அவர் எடை கூடி, வேலைக்குப் போகத் தொடங்கியபோது, 'நோயாளியே தேறிவிட்டார், எனக்கு எதற்கு' என்ற எண்ணம் வலுவாக வந்தது. அந்த நேரத்தில் என்னைத் தாங்கியது, அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்து அவரவர் மாத்திரையைச் சாப்பிடும் பழக்கம்தான். உங்கள் தந்தையோடும் இப்படிச் செய்து பாருங்கள். அவருக்கும் தாம் மட்டும் நோயாளியாக ஒதுங்கி நிற்கும் உணர்வு குறையும்.

நண்பர்களிடம் சொல்வது பற்றி நான் நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். இந்த மாத்திரையை ஏன் சாப்பிடுகிறேன் என்று நான் விளக்கினால், அந்த விளக்கத்துக்குள் என் அண்ணனின் நோயும் வந்துவிடுகிறது. அவருக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே யாரிடமும் வாய் திறப்பதற்கு முன் அவரிடமே கேட்டேன். "உனக்கு நம்பிக்கையானவன் ஒருத்தன்கிட்ட சொல்லு, ஊருக்கெல்லாம் வேணாம்" என்றார். நீங்களும் முதலில் தந்தையிடம் கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் ஒரே ஒரு நண்பரிடமாவது சொல்லிவிடுங்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். சொல்லும்போது, கிருமி செயலற்று இருக்கும் நிலையில் யாருக்கும் பரவாது என்பதையும், கைகுலுக்குவதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ காசநோய் தொற்றுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கேட்பவர் அடுத்து எதை நினைத்து அஞ்சுவாரோ, அதற்கான பதில் அவர் கேட்பதற்கு முன்பே அவர் கையில் இருக்க வேண்டும்.

ஒருவருக்காவது தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய துணை என்பதை நான் விஷயத்தைச் சொல்லியிருந்த ஒரே நண்பனின் நாகர்கோவில் வீட்டுக்கு நாங்கள் நான்கு பேர் போயிருந்தபோது உணர்ந்தேன். அவனுடைய அம்மா வாழையிலையில் சூடாகச் சூரைப் புட்டு வைத்தார். சூரை, அயிலை எனப்படும் கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் பனிக்கட்டியில் சரியாக வைக்கப்படாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதியை ஐசோநியாசிட் தடுப்பதால், இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கலாம். இதையெல்லாம் இலைக்கு முன்னால் உட்கார்ந்து விளக்க முடியுமா? நண்பன், "அம்மா, அவன் சாப்பிடுற மாத்திரைக்குச் சூரை சேராது, அவனுக்கு அவியலும் குழம்பும் வையுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அம்மாவும் எதுவும் கேட்காமல் இலையை மாற்றினார்.

மதுவைப் பற்றி வளைத்துப் பேச விரும்பவில்லை. இந்த 6 மாதமும் ஒரு துளிகூட வேண்டாம். ஐசோநியாசிட் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். மது அந்த ஆபத்தைக் கூட்டும். 'மாத்திரை சாப்பிடுகிறேன், டாக்டர் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்' என்ற ஒரு வாக்கியம் எந்த நண்பர் கூட்டத்திலும் போதும். எந்த மாத்திரை என்று சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதற்கு மேலும் வற்புறுத்துபவர்களோடு இந்தக் காலத்துக்குத் தேநீர்க் கடையில் மட்டும் சந்திப்பு வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். அதனால் எந்த நட்பும் முறியவில்லை.

பசி அடங்கிப்போவது, காரணமில்லாத குமட்டல், கடும் சோர்வு, சிறுநீர் பால் கலக்காத தேநீர் போல் கருத்துப் போவது, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மாதாந்திரச் சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். விரல்களில் எரிச்சலோ மரத்துப்போதலோ தெரிந்தாலும் சொல்லிவிடுங்கள். மருந்தும் பரிசோதனைகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஐயம் இருந்தால் 1800-11-6666 என்ற, அரசின் காசநோய்த் திட்டத்துக்கான நிக்ஷய் உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். மருந்துக் காலம் முடிந்த பிறகும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், தடுப்பு மருந்து முடித்தவர் என்பதைச் சொல்லிச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.