பி.காம் முடித்த பெண்ணுக்கு எம்.பி.ஏ.தான் வழியா?

நாமக்கல்லிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் மூன்றாண்டு சட்டப் படிப்பு கேட்கிறாள், தாய்மாமன் வீட்டை அடமானம் வைத்தாவது பெங்களூருவில் 14 லட்சத்துக்கு எம்.பி.ஏ. சேர்க்கச் சொல்கிறார். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். லாரி புக்கிங் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பெண், விபத்து கேஸ் கட்டுகளைத் தானாகவே எடுத்துப் படிக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு எதில் மனசு என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நீதிபதி தேர்வு, வங்கி சட்ட அதிகாரி வேலை பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாதது விபத்து இழப்பீட்டு மேல்முறையீடு. விபத்து இழப்பீட்டை முதலில் தீர்மானிக்கும் தீர்ப்பாயம் தந்த தொகை போதாது என்று அடிபட்டவரும், அதிகம் என்று இன்சூரன்ஸ் கம்பெனியும் மோட்டார் வாகனச் சட்டம் 173-வது பிரிவில் உயர் நீதிமன்றம் போகிறார்கள். வக்கீல்கள் இதை சி.எம்.ஏ. (சிவில் மிசலேனியஸ் அப்பீல்) என்பார்கள். பாதி சட்டம், பாதி கணக்கு.

ஒரு கணக்கைப் பாருங்கள். 28 வயது லாரி டிரைவர், மாத வருமானம் 15,000, ஒரு கால் போய்விட்டது, ஊனம் 60%. தீர்ப்பாயம் சதவீதத்துக்கு 5,000 என்று போட்டு 3 லட்சம் தருகிறது. மேல்முறையீட்டில், உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017) எதிர்கால வருமான உயர்வு 40% சேர்த்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. அதே நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பு (2009) தரும் அட்டவணையில் இந்த வயதுக்குப் பெருக்கி, அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 17. ஆக 42,84,000. அதில் 60% எடுத்தாலே 25,70,400. இனி லாரி ஓட்டவே முடியாது என்று நிரூபித்தால் முழுத் தொகையையும் கேட்கலாம். ஊனம் பிழைப்பை எவ்வளவு பாதித்தது என்றுதான் பார்க்க வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றத்தின் ராஜ்குமார் தீர்ப்பு (2010).

கோட்டைவிடும் இடங்களும் உண்டு. மேல்முறையீட்டுக்குக் கெடு 90 நாள். தாமதத்தை மன்னித்தாலும் அந்த நாட்களுக்கு வட்டி கிடைக்காமல் போகலாம். கம்பெனி அப்பீல் போனால், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள், தொகையைக் கூட்டச் சொல்லி அதே அப்பீலில் எதிர் ஆட்சேபணை போட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். டாக்டர் சொன்ன 60% காலுக்கா, முழு உடம்புக்கா என்று சான்றிதழில் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அங்கேயே பிடிக்கும். வருமானத்தைக் காட்டும் பாஸ்புக், டிரிப் ஷீட் எல்லாம் தீர்ப்பாயத்திலேயே தாக்கலாகியிருக்க வேண்டும். மேலே போனபின் புது ஆவணத்தை எளிதில் ஏற்கமாட்டார்கள்.

செலவு? அரசு சட்டக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருக்கிறது. வக்கீலாகப் பதிவு செய்ய, 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய். பிறகு அகில இந்திய பார் தேர்வு. ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 மாதாமாதம் தரச் சொல்லி, வக்கீல்களைப் பதிவு செய்யும் தமிழ்நாடு பார் கவுன்சில் 2024-ல் சுற்றறிக்கை விட்டது. எல்லா ஆபீஸும் தருவதில்லை. முதல் மூன்று வருஷம் வீட்டிலிருந்து பணம் போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேசி ஃபீஸ் வாங்குவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. அப்படி நடக்கும் ஆபீஸில் ஜூனியராகச் சேர்க்கவே வேண்டாம்.

விண்ணப்பம் போடுமுன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்ற இணையதளத்தில் சி.எம்.ஏ. தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கும். பத்து எடுத்து, கடைசிப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, வயது, வருமானம், ஊனம் மூன்றையும் குறித்துத் தானே தொகை போடட்டும். பிறகு நீதிமன்றம் எங்கே கூட்டியது, எங்கே குறைத்தது என்று ஒப்பிடட்டும். பத்தையும் முடித்துவிட்டு இன்னும் பத்து தேடினால், மறுநாளே விண்ணப்பம் வாங்குங்கள்.